நூற்றுப்பதினேழாம் பெட்டியின் உடையவர்

வெள்ளாறு பல்கலைக்கழகத்தில் மணிமொழி வருவதைப் பார்த்தால் பேராசிரியர்களுக்குத் திடீரென்று போன் வந்துவிடும். கையில் பில் இருக்குமோ என்ற பயம்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், பருத்திக் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் நடுவே எழும்பி நிற்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கணினி மைய உதவியாளர் என்று பதவி. பட்டப்பெயர் பில்லு மேடம். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பில் போடாத காலத்தில் அந்த இடம் இருந்த இருப்பு அவளுக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் பல்கலைக்கழகத்தின் கணினிக் களஞ்சியம் கோயில் மாடு மாதிரி. தடவிக் கொடுக்க ஊரே வரும், தவிடு வைக்க ஆள் கிடையாது. ஆராய்ச்சிப் படங்களும் ஏடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேராசிரியர் தன் மகள் கல்யாண வீடியோவை ஏற்றி வைத்திருந்தார், நிச்சயதார்த்தம் தனியாக, மறுவீடு தனியாக. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆளாளுக்கு அள்ளிக் கொட்டினார்கள். வருடக் கடைசியில் இடம் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியிடமிருந்து முப்பத்தெட்டு லட்சத்துக்கு ஒரே பில் வந்தது. பதிவாளர் பாலசுந்தரம் துறைத்தலைவர்களை உட்கார வைத்து, இதில் யார் யார் பங்கு எவ்வளவு என்று கேட்டார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது மணிமொழி. களஞ்சியத்தை இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளாகப் பிரித்து எண் கொடுத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு கட்டம். ஒன்றில் உடையவர் பெயர், அதாவது பெட்டியில் எது இருக்கலாம், எது கூடாது என்று சொல்லும் பொறுப்புள்ள ஆள். இன்னொன்றில் பில் எந்தக் கணக்கில் போக வேண்டும் என்ற எண். உடையவர் இல்லாத பெட்டிக்குத் தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் இயந்திரமே அழித்துவிடும். இந்த விதியை எழுதியதும் அவள்தான், கீழப்பழுவூரிலிருந்து தினம் வரும் பஸ்ஸில் உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்பக்கத்தில். முதல் வருடமே பில் பாதியாகக் குறைந்தது. கல்யாண வீடியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த விதியை நினைத்தால் அவளுக்குப் பெருமைதான். அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கோட்டை விட்டிருந்தாள். உடையவர் கட்டத்தில் நம் ஆட்கள் யார் பெயரை எழுதுவார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. யார் வேலை செய்தார்களோ அவர்கள் பெயரையா எழுதுவார்கள்? கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரை முதலில் போடுகிற ஊர் இது. பெட்டியைத் திறந்தவர்கள் எல்லோரும் மரியாதைக்குத் துறையின் மூத்த ஆள் பெயரைப் போட்டு வைத்தார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். ரெண்டு பேர் காலமாகியும் விட்டார்கள். இந்த ஏப்ரல் முதல் தேதி ஓய்வுபெற்றவர்களின் மின்னஞ்சல்களை மொத்தமாக மூடியபோது, ஒரே நாளில் நாற்பத்து மூன்று பெட்டிகள் அனாதையாகிவிட்டன.

மணிமொழிக்கு இது புதிதில்லை. அவர்கள் வீட்டுக் கடலைக் கொல்லை இன்னமும் கொள்ளுத்தாத்தா பெயரில்தான் பட்டாவில் நிற்கிறது. அவள் அப்பா வாரிசுச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு பதினோரு வருடம் தாலுகா ஆபீஸ் நடந்தார். இறந்தவர் பெயரில் சொத்து இருந்தால் உயிரோடு இருக்கிறவன் செருப்புத் தேயும் என்பது அவளுக்குப் படித்துத் தெரிந்த சங்கதி அல்ல.

ஏறி இறங்கி, கெஞ்சி மிரட்டி, ஜூன் பாதிக்குள் நாற்பத்திரண்டு பெட்டிகளுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டாள். ஒன்று மட்டும் நின்றது. பெட்டி எண் நூற்றுப்பதினேழு. நிலவியல் துறை. உடையவர், பேராசிரியர் வைத்திலிங்கம், நாலு வருடம் முன்பு ஓய்வு. பில் கட்டிக்கொண்டிருந்த அவருடைய ஆராய்ச்சி நிதியும் மார்ச்சோடு தீர்ந்துபோயிருந்தது. ஜூன் முப்பது திங்கட்கிழமை கெடு.

இப்போதைய துறைத்தலைவர் கோகுலகிருஷ்ணன் அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பேப்பரைத் தொடாமலே திருப்பி நகர்த்தினார்.

"அது வைத்திலிங்கம் சார் பண்ணுனதும்மா. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மாசம் பதினெட்டாயிரத்துச் சொச்சம் பில்லு. எங்க துறைக் கணக்குல அவ்வளவு எங்க இருக்கு?"

"போன மாசம் கருத்தரங்குல அந்தப் பெட்டியில இருக்கற படத்தத்தானே சார் போட்டீங்க?"

"போட்டா? இருக்குன்னு போட்டேன். அழிஞ்சா அழியட்டும், விடும்மா. கல்லு எங்க போயிடப் போவுது? அரியலூர்ப் பக்கம் போய்த் திரும்ப எடுத்துக்கலாம்."

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. மணிமொழி மனதுக்குள் சொல்லிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். ஓசி டீயை ஏன் விட வேண்டும்?

வராந்தாவில் அவளுக்காக ஒருத்தர் காத்துக்கொண்டிருந்தார். ஹஃபீசா, அந்தத் துறையின் ஆய்வுக்கூட டெக்னீசியன். நாற்பத்தைந்து வயது இருக்கும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிறவர், கணவர் கவுஸ் தோஹாவில் வேலை.

"மேடம், சார் சொன்னது கேட்டுச்சு. அந்தக் கல்லு எல்லாம் இப்ப இல்ல மேடம்."

"இல்லன்னா?"

ஹஃபீசா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கணினியில் பெட்டியைத் திறந்து காட்டினார். மணிமொழி அதுவரை அந்தப் பெட்டியின் எடையை மட்டும்தான் பார்த்திருந்தாள், பதினெட்டு டெராபைட் என்று. உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கே கண்முன் சுழன்றது. சுருண்டு சுருண்டு கல்லாகிப்போன நத்தை, வண்டிச் சக்கரம் அளவுக்கு. சிப்பி. சுறாவின் பல். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி இருநூறு படம் எடுத்துச் சேர்த்திருந்ததால் திரையில் விரலால் உருட்டிப் பார்க்க முடிந்தது. ஒன்பதாயிரத்து நானூறு கல். சுண்ணாம்புச் சுரங்கத்துக்காகத் தோண்டப்போகிற இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி, வெடி வைக்கும் முன் எடுத்த படங்கள்.

"நான் படம் எடுத்த எடத்துல இப்ப எண்பதடிப் பள்ளம் மேடம். அந்தக் கல்லெல்லாம் அரைச்சு சிமெண்டாயி, யாரு வூட்டுச் சுவத்துல இருக்கோ. மிச்சம் இருக்கறது இந்தப் பெட்டிதான்."

"யாரு எடுத்தது இத்தனையும்?"

"நான்தான். ஆறு வருசம். குடை புடிக்க ஒரு ஆளு வருவாரு, வெயிலு நிழலு விழாம."

"அப்ப எதுக்கு வைத்திலிங்கம் சார் பேரு?"

ஹஃபீசாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "அவரு இருக்கறப்ப என் பேரைப் போடலாமா மேடம்? மரியாதையா இருக்குமா?"

கணினி மையத்துக்குத் திரும்பியதும் உடன் வேலை செய்யும் அறிவழகன் வழி சொன்னான். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"எதுக்குக்கா இவ்ளோ அலைச்சல்? கெடுத் தேதிய நான் ஒரு வருசம் தள்ளி வெச்சுடறேன். ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பேரிடம் கெடு என்றால் கெடுதான் என்று கறாராகப் பேசிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அதில் ஒருவர் அவளை அழ வைத்தார், ஒருவர் அவளிடம் அழுதார். நூற்றுப்பதினேழுக்கு மட்டும் கள்ளத்தனமாகத் தள்ளிப்போட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு அடுத்தவர் அறைக்குள் போவது? இந்த வருடம் தள்ளினால் அடுத்த வருடமும் இதே தேதி வரும், அப்போதும் இதற்கு ஆள் இருக்காது. அதே சமயம், அந்தப் பெட்டி அழிந்தால் அழித்தது அவள் எழுதிய விதியாகத்தான் இருக்கும். அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

விதியை அவள் திரும்பத் திரும்ப மனதுக்குள் படித்தாள். 'உடையவர் நிரந்தர ஊழியராக இருத்தல் வேண்டும்.' பேராசிரியராக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதினோம்? எழுதவே இல்லையே! ஹஃபீசா நிரந்தரமாகி இரண்டு வருடம் ஆகிறது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக நிலவியல் துறைக்குப் போய், "நீங்களே எடுத்துக்குங்க" என்றாள்.

ஹஃபீசா பதறிப்போனார். "என் பேர்லயா? யா அல்லா! பில்லு என் சம்பளத்துல புடிப்பாங்களா?"

"பத்து பைசா புடிக்க மாட்டாங்க. உடையவர் வேற, பில் கட்டற கணக்கு வேற. அதுக்கு வேற வழி பாக்கறேன்."

"இருந்தாலும் வேணாம் மேடம். சார் உசுரோட இருக்காரு. அவருக்குத் தெரியாம அவரு பேர எடுத்தா நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்க முடியுமா?"

அப்படியானால் தெரிந்தே எடுத்துவிடுவோம் என்று மணிமொழி முடிவு செய்தாள். சனிக்கிழமை இருவரும் கிளம்பி, பஸ் மாறி மாறித் திருமழபாடி போய்ச் சேர்ந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு வைத்திலிங்கம் அங்கே கொள்ளிடக்கரையில் சின்னதாக வீடு கட்டிக் குடியிருந்தார். ஹஃபீசாவைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். வீட்டுக் கூடத்தில், நத்தைக் கல் படத்தின் முன் அவர் நிற்கும் பத்திரிகைச் செய்தி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. 'கடலை மீட்ட பேராசிரியர்' என்று தலைப்பு. ஹஃபீசா அதைப் பார்த்துச் சிரித்தார், சொந்தக்காரர் வீட்டுப் படத்தைப் பார்ப்பதுபோல. மணிமொழிக்குத்தான் சுருக்கென்றது.

விஷயத்தைச் சொன்னாள். தாளை நீட்டினாள். வைத்திலிங்கம் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. போட்டுக்கொண்டு, மூன்று வரித் தாளை முப்பது வரி இருப்பதுபோலப் படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். பழைய கதை கொஞ்சம் பேசினார். கொள்ளிடத்தில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசினார். இவர் போடமாட்டார் என்று மணிமொழி நினைத்தபோது அவர் ஹஃபீசாவைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் ஒரு கல்லையாவது படம் எடுத்தனா?"

"நீங்க இல்லன்னா சுரங்கத்துக்குள்ள எங்கள விட்டிருப்பாங்களா சார்?"

"அதக் கேக்கல. எடுத்தனா?"

ஹஃபீசா பார்வையைச் சட்டம் போட்ட செய்திக்குத் திருப்பினார்.

"எடுக்கல" என்று அவரே சொன்னார். "நீ என் பேரப் போட்டது எனக்கு அப்பவே தெரியும். எடுன்னு சொல்லிருக்கணும். சொகமா இருந்துச்சு, வுட்டுட்டேன்." கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, "சாப்டுட்டுத்தான் போவணும்" என்றார். அதில் மட்டும் பழைய துறைத்தலைவரின் அதட்டல் இருந்தது.

ஜூன் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. களஞ்சியக் குழுக் கூட்டம். பதிவாளர் பாலசுந்தரம் தலைமையில் பதினோரு துறைத்தலைவர்கள். ஹஃபீசா கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், யாராவது எழுப்பினால் உடனே எழுந்துகொள்ள வசதியாக. இன்னும் மூன்று நாளில் இயந்திரம் தன் வேலையைப் பார்த்துவிடும். மணிமொழி எழுந்து, நூற்றுப்பதினேழாம் பெட்டிக்கு உடையவராக ஹஃபீசாவின் பெயரை முன்மொழிவதாகச் சொன்னாள்.

கோகுலகிருஷ்ணனுக்கு இப்போதுதான் அந்தப் பெட்டி மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"லேப் டெக்னீசியன் பேர்ல பெட்டியா? துறை மானம் என்னத்துக்கு ஆவறது சார்? வெளிநாட்டுலேந்து மியூசியம்காரங்க விவரம் கேட்டு எழுதறாங்க. டெக்னீசியனா பதில் எழுதுவாங்க?"

ஹஃபீசா எழுந்து நின்றார். குரல் சன்னமாகத்தான் வந்தது.

"இப்பவும் நான்தான் சார் எழுதறேன். அடியில உங்க பேரப் போடறேன்."

சிவில் துறைத்தலைவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார். மணிமொழிக்கு ஹஃபீசாவைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார். "சரி, விதிப்படி பேருல தடை ஒண்ணும் இல்ல. பணம்? நிலவியல் கட்டாது. அப்ப யாரு கட்டுவா?"

இதற்காகத்தான் மணிமொழி நாலு நாளாக உட்கார்ந்து கணக்கெடுத்திருந்தாள். பெட்டியிலிருந்து யார் எப்போது எதை எடுத்தார்கள் என்று களஞ்சியம் தானே குறித்துவைத்துக்கொள்ளும். அதை யாரும் இதுவரை திறந்து பார்த்ததில்லை.

"எடுக்கறவங்க கட்டட்டும்னு கேட்டுக்கறேன் சார். போன ஒரு வருசத்துல சிவில் துறை பாடம் நடத்த எடுத்தது நூத்துக்கு இருபத்தேழு. கட்டடக்கலை பதினெட்டு. நிலவியல் பதினேழு."

"மிச்சம் முப்பத்தெட்டு இருக்கே. அது எந்தத் துறை?"

"உங்க ஆபீஸ்ங்க சார்."

பாலசுந்தரம் அவளைப் பார்த்தார்.

"சேர்க்கைப் புத்தகத்து அட்டை, பட்டமளிப்பு விழா மேடைத் திரை, திருச்சி ரோட்டு விளம்பரப் பலகை நாலு. அப்புறம் உங்களுக்குப் பின்னாடி மாட்டிருக்கற காலண்டர்."

எல்லோரும் காலண்டரைப் பார்த்தார்கள். ஜூன் மாதத்துக்கு மேலே கல் நத்தை சுருண்டு படுத்திருந்தது. கீழே பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தது. படம் எடுத்தவர் பெயர் எங்கும் இல்லை.

"என் தலையிலயே பில்லு போடறியாம்மா?"

"ஆளப் பாத்துப் பில் போடற வழக்கம் இல்லைங்க சார்."

பாலசுந்தரம் காலண்டரை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, முப்பத்தெட்டு என்ற எண்ணுக்கு எதிரே முதல் கையெழுத்தைப் போட்டார். பதிவாளரே போட்ட பிறகு மற்றவர்கள் எங்கே போவார்கள்? தாள் மேசையைச் சுற்றி வந்தது. கோகுலகிருஷ்ணன் போட்ட கையெழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது, ஆனாலும் செல்லும். கடைசியாக ஹஃபீசாவிடம் வந்தபோது அவர் பேனாவை எடுத்து, "பிஸ்மில்லா" என்று சொல்லி, பெயரை முழுசாக எழுதினார். உடையவர் என்று அச்சடித்த இடத்துக்கு நேரே அந்தப் பெயர் உட்கார்ந்தபோது மணிமொழிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் எழுதிய விதி ஒரு சொல்லும் வளையாமல் அப்படியே நின்றது. பெட்டியும் பிழைத்தது.

ஆகஸ்ட் முதல் தேதி, ஜூலை மாதத்துக்கான பில்கள் எல்லாப் பெட்டிகளின் உடையவர்களுக்கும் மின்னஞ்சலில் போயின. உடையவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பணம் கணக்கிலிருந்து போகும். பார்ப்பார்கள் என்பது ஏட்டில் இருக்கிறதே ஒழிய, இதுவரை திறந்து பார்க்காமலே சரி என்று அனுப்பினவர்கள்தான் அத்தனை பேரும்.

பத்து நிமிஷத்தில் மணிமொழியின் போன் அடித்தது.

"மேடம், எனக்கு பில்லு வந்துருக்கு!"

பில்லைப் பார்த்து ஒருத்தர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் கேட்டதில்லை. "கவுஸ் மச்சானுக்கு வாட்ஸப்புல அனுப்பிட்டேன். 'உடையவர், ஹஃபீசா'ன்னு மேலயே போட்டுருக்குல்ல, தோஹாவுல ரூம்ல இருக்கற அத்தன பேருக்கும் காட்டிட்டாராம்."

"சந்தோசம். அப்ப சரின்னு அனுப்பிடுங்க."

ஹஃபீசா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுல ஒரு தப்பு இருக்கு மேடம்."

"தப்பா? நான் போட்ட பில்லுலயா?"

"கோச்சுக்காதீங்க. ரெண்டாவது பக்கம், அஞ்சாவது வரி. மங்கலா விழுந்த படமெல்லாம் ஜூலை ரெண்டாந்தேதியே அழிச்சுட்டேன், நானூறு ஜிபி. உங்க பில்லுல அது இன்னும் நிக்குது. நானூறு ரூவா கூடுதலா போட்டுருக்கீங்க."

பதிவாளர் ஆபீசும் மூன்று துறைகளும் சேர்ந்து கட்டப்போகிற பணம். அதில் ஹஃபீசாவின் கைக்காசு ஒரு பைசா கிடையாது. மணிமொழிக்கு ஒரு கணம் மூக்கு அறுபட்டதுபோல்தான் இருந்தது. ஆறு வருடமாக ஒரு பில்லும் தப்பென்று திரும்பி வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் ஆயிற்றே. கணக்கைத் திறந்து பார்த்தாள். ஜூன் மாதத்து எண்ணை அப்படியே ஜூலையிலும் போட்டிருந்தாள். ஹஃபீசா சொன்னது சரி.

அறிவழகன் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, யாரு சண்டை?"

மணிமொழி போனைக் கையால் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "நூத்திப்பதினேழோட ஓனரு" என்றாள். பிறகு போனை எடுத்து, "மாத்தி அனுப்பறேங்க, அதையும் வரி வரியாப் பாருங்க" என்றாள்.